ஏறக் கூடாத எண்

காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்ததும் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, கணினியைத் திறந்து, செல்லக்கா முதலில் பார்ப்பது ஓர் எண்ணைத்தான். அந்தத் தொழிலில் எல்லாரும் பார்க்கிற எண்தான் அது. நாம் எழுதிய கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. பதவி, அறை, கூட வேலைக்கு ஆள், ஊரார் மதிப்பு எல்லாம் அதைப் பார்த்துத்தான் கிடைக்கும். எண் ஏறியிருந்தால் மற்றவர்களுக்கு முகம் மலரும். செல்லக்காவுக்கோ அன்றைய பொழுதே கெட்டுவிடும். "இன்னும் ரெண்டு பேரா? கண்ணைத் திறந்து படிக்கவே மாட்டாங்களா இவங்க?" என்று திட்டிவிட்டுத்தான் வெள்ளைக் கோட்டை மாட்டுவாள்.

செல்லக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. செல்களோடு குடித்தனம் நடத்துகிறவள் என்று கூட வேலை பார்த்த ஒருவன் வைத்தது. வைத்தவன் யார் என்பது பின்னால் வரும். குள்ளமான உருவம், அதற்குச் சம்பந்தமே இல்லாத வேகநடை, மூக்கின் நுனியில் எப்போதும் தயாராக இருக்கும் கோபம். விடுமுறை நாளில்கூட ஒரு நடை போய்ச் செல்களுக்குத் தீனி மாற்றிவிட்டு வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். உறவுக்காரர்கள் விசேஷத்துக்குப் போனாலும் பாதியில் எழுந்துவிடுவாள். அவள் கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டு முன்னறைதான் அவருக்குப் பட்டறை. "எனக்குப் பசிக்கறது உனக்குத் தெரியாது. கண்ணுக்கே தெரியாத ஜந்துவுக்குப் பசிக்கறது மட்டும் நல்லாத் தெரியும்" என்பார், ஒரு மேல்வரிசைப் பல்செட்டைத் தேய்த்துக்கொண்டே.

அவள் வளர்த்தது கண்ணின் கருவிழியை மூடியிருக்கும் மெல்லிய தோலின் செல்களை. கண்ணில் தூசி கீறினால் அந்தத் தோல் எப்படி மூடிக்கொள்கிறது என்பதுதான் அவள் கேள்வி. சோதனை எளிது. தட்டையான கிண்ணத்தின் அடியில் செல்கள் தரை ஓடு பதித்ததுபோல நெருக்கமாகப் பரவியிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் முனையால் அதன் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, இரு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து கோட்டை மூடுவதைப் பார்க்க வேண்டும். எளிதுதான், ஆனால் பொறுமை இல்லாதவனைப் பைத்தியமாக்கிவிடும்.

அந்த வேலைக்கு அவளுக்குத் துணையாக வந்தவன் நெட்டையன். வந்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், அவளுக்கு முப்பத்துச் சொச்சம். நுண்ணோக்கியின் முன் உட்கார வேண்டுமானால் அவன் தன்னை மூன்றாக மடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வந்த வாரமே அவளுக்குச் செல்லக்கா என்று பெயர் வைத்தான், அவள் பதிலுக்கு நெட்டையன் என்று வைத்தாள், கணக்கு நேரானது. இருவரும் முறை போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். அப்போதுதான் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தார்கள். கீறியதும் செல்கள் நகரவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றன. பிறகு, சொல்லிவைத்தாற்போல எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன.

"அக்கா, யோசிக்குதுக்கா" என்றான் நெட்டையன்.

"யோசிக்க மூளை வேணும்டா. உனக்கே இல்ல, அதுக்கு எங்கேயிருந்து வரும்?" என்றாள். ஆனால் அவளுக்கும் உடம்பு சிலிர்த்திருந்தது.

அதற்குக் 'காத்திருப்பு' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையால் வேலை செய்தவர் பெயர் முதலில் வரும், கூடத்தை நடத்துகிறவர் பெயர் கடைசியில் வரும். முதலில் அவன், கடைசியில் அவள். கட்டுரை வந்ததுதான் தாமதம், உலகம் பிடித்துக்கொண்டது. கண் வைத்தியர்கள் மேற்கோள் காட்டினார்கள், தீப்புண் ஆராய்கிறவர்கள் காட்டினார்கள், கடைசியில் போக்குவரத்து நெரிசலைக் கணக்குப் போடும் ஒரு பொறியாளர்கூடக் காட்டினார். எண் நூறாயிற்று, ஆயிரமாயிற்று. அதன் பலத்தில் நெட்டையனுக்கு வேறோர் ஊரில் பெரிய பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது, தனிக் கூடம் கிடைத்தது. செல்லக்காவுக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. அவன் வாரம் தவறாமல் போன் செய்வான். கூடப்பிறந்த தம்பி இல்லாத குறை அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

வருடங்கள் ஓடின. ஒரு பத்திரிகை, கட்டுரை போட வேண்டுமானால் செல்கள் இன்னதுதான் என்று அடையாளப் பரிசோதனை செய்து காட்ட வேண்டும் என்று புது விதி கொண்டுவந்தது. செல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் வளர்த்த பிள்ளை யாருன்னு எனக்கே சான்றிதழா?" என்று சொல்லிக்கொண்டே மாதிரியை அனுப்பினாள். முடிவு வந்தது. அவை கண்ணின் செல்களே இல்லை. சிறுநீர்ப்பையில் வந்த ஒரு கட்டியின் செல்கள்.

மாதிரி மாறிப்போயிருக்கும் என்று மறுபடி அனுப்பினாள். அதே பதில். உறைகுளிர்த் தொட்டியைத் திறந்து, வருட வாரியாக உறைய வைத்திருந்த பழைய குப்பிகளை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துச் சோதித்தாள். மிகப் பழையது கண்தான். காத்திருப்பைக் கண்டுபிடித்த வருடத்திலிருந்து எல்லாமே கட்டி. அந்த வருடம் வேறொரு சின்ன வேலைக்காக அந்தக் கட்டிச் செல்களையும் அவர்கள் அதே கூடத்தில் வளர்த்தார்கள். இரண்டுக்கும் தீனி ஒரே சிவப்புத் திரவம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் ஒரே பாட்டிலிலிருந்து இரண்டுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். கட்டிச் செல்களைத் தொட்ட உறிஞ்சுகுழல் ஒருமுறை பாட்டிலுக்குள் போயிருக்கும், ஒரு துளி தங்கியிருக்கும். பாலில் உறை விழுந்ததுபோலத்தான். வேகமாகப் பெருகுகிற கட்டிச் செல்கள் சில வாரங்களில் கண்ணின் செல்களை இருந்த இடம் தெரியாமல் செய்துவிட்டன. நுண்ணோக்கியில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

யார் கையால் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டிலைத் தொட்டது இரண்டே பேர்.

செல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெட்டையனுக்குச் சொன்னாள். அவன் மறுநாள் மத்தியானமே வந்து நின்றான். கூடத்தின் தேநீர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். காகிதங்களை ஒருமுறை பார்த்தான், மூடி வைத்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான்."

"அப்ப இப்படியே விட்டுடலாம்க்கா. செல் எதுவா இருந்தா என்ன, அது காத்திருந்தது உண்மைதானே? நாம கண்ணால பாத்தோம்ல?"

"பாத்தது உண்மை. கண்ணோட செல்லுன்னு எழுதினோமே, அது?"

"தெரியாம நடந்த தப்பு."

"நேத்து வரைக்கும் தெரியாது. இன்னிக்குத் தெரியுமே. அந்த வைத்தியர் கூட்டம் நம்ம கட்டுரைய வெச்சு சொட்டு மருந்து பண்ணக் கிளம்பியிருக்கு, ஞாபகம் இருக்கா? கண்ணுல இருக்கான்னே தெரியாத காத்திருப்பைக் குறைக்க ஒரு மருந்து. யார் கண்ணுலயோ கொண்டுபோய் ஊத்துவாங்கடா."

அவன் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "உங்களுக்கென்னக்கா, கொஞ்ச வருஷத்துல ஓய்வு. என் கூடத்துல பசங்க இருக்காங்க. நான் நிக்கறதே அது மேலதான்" என்றான். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் கட்டுரை தவறு என்று அறிவித்துத் திரும்பப் பெறுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அறிவிப்பை அவளே எழுதினாள். தவறு முழுவதும் என்னுடைய மேற்பார்வையில், என் கையால் நேர்ந்தது, முழுப் பொறுப்பும் எனக்கே என்று எழுதினாள். அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அறிவிப்பு அச்சில் வந்த அன்றுதான் போன் வந்தது.

"உங்க கைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். "எல்லாத்தையும் நீங்களே தலையில தூக்கிவெச்சுக்கிட்டீங்க. நீங்க தியாகி, நான் எடுபிடி. அந்தக் கட்டுரைல நல்லதுக்கு மட்டும்தான் எனக்குப் பங்கா?"

"தம்பி, நான் உன்னை..."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வாரப் போன் நின்றது. அவன் பிறந்தநாளுக்கு அவள் அனுப்பும் வாழ்த்துக்குப் பதில் வரவில்லை. இந்த வயதில் ஒரு உறவு அறுந்தால் ஒட்டவைக்கத் தெம்பு இருக்குமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவனும் வேண்டும், அந்தக் கட்டுரையும் சாக வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது போலத்தான் தெரிந்தது.

சரி, அவன்தான் போனான், கட்டுரையாவது செத்ததா? அதுவும் இல்லை. 'திரும்பப் பெறப்பட்டது' என்று பக்கத்துக்குப் பக்கம் கொட்டை எழுத்தில் சிவப்பு முத்திரை குத்தியும், எண் ஏறிக்கொண்டே போயிற்று. கட்டுரையைத் திறந்து பார்த்தால்தானே முத்திரை தெரியும்? பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதுபோல, ஒருவர் கட்டுரையின் பட்டியலிலிருந்து இன்னொருவர் அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் லட்சணம் இது.

செல்லக்கா விடவில்லை. மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தாள். தயவுசெய்து என்னை மேற்கோள் காட்டாதீர்கள் என்று ஒரு விஞ்ஞானி கெஞ்சுவது அவர்களுக்குப் புதிது. ஒருவர், 'எங்கள் ஆய்வில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி' என்று எழுதினார். இன்னொருவர், அதற்குப் பதிலாகத் தன்னுடைய கட்டுரையை நீங்கள் மேற்கோள் காட்டலாமே என்று வழி சொன்னார். எங்கோ ஒரு சின்னக் கூடத்திலிருந்து ஒரு பெண், கண் செல்கள் என்று நம்பி அதே செல்களை வாங்கி வளர்த்துத் தன் படிப்பில் பாதியை வீணடித்துவிட்டதாக எழுதியிருந்தாள். செல்லக்கா அவளைப் போனில் அழைத்து, அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சொட்டு மருந்து வைத்தியர்களிடமிருந்து பல மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: வேலையை நிறுத்திவிட்டோம். அன்று ஒருநாள் மட்டும் அவள் எண்ணைப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்தது. உள்ளே அவள் புகைப்படம். 'எங்கள் நிறுவனத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிஞர்' என்று கீழே ஒரு வரி. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், அது ரத்து பண்ணின கட்டுரை."

"தெரியும் மேடம்."

"அதுக்கு வர்ற மேற்கோள் எல்லாம் தப்பான மேற்கோள்."

"எண்ணு தப்பில்லையே மேடம்? எண்ணிக்கைன்னு வந்தா எண்ணிக்கைதான். தரவரிசைல நாம ஏழு இடம் முன்னால வந்திருக்கோம். போட்டோ கூட நல்லா வந்திருக்கு, பாருங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். சாயங்காலம் கணவரிடம் சொல்லித் தீர்த்தாள். அவர் ஒரு பல்செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டார். "நான் செய்யறதுல ஒரு பல் உயரமாப் போனாப் போதும், மறுநாள் காலைல ஆள் வாயைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பான். உன் தொழில்ல தப்பான பல்செட்டை மாட்டிக்கிட்டு ரெண்டாயிரம் பேர் சிரிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், இதை நெட்டையனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பானே என்று தோன்றி, மனசு கனத்துப்போயிற்று.

மூன்று வருடம் போல இப்படியே ஓடியது. ஒருநாள் காலை ஒரு பத்திரிகையிடமிருந்து கட்டுரை ஒன்று சரிபார்க்க வந்தது. அச்சிடும் முன் அதே தொழிலில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி நல்லது கெட்டது கேட்பது வழக்கம். கேட்கப்படுகிறவர் பெயரை எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். திட்டுகிறவர்கள் தைரியமாகத் திட்டட்டும் என்று அந்த ஏற்பாடு. திறந்தாள். நெட்டையனுடைய கட்டுரை.

நின்றபடியே படிக்க ஆரம்பித்தவள், எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உண்மையான கண் செல்களை எடுத்து, அடையாளத்தைச் சோதித்து, தனித்தனிப் பாட்டிலில் வளர்த்து, அதே கீறலைக் கீறியிருந்தான். செல்கள் காத்திருக்கவில்லை. கீறிய உடனே ஓரத்துச் செல் ஒன்று எட்டு வைத்தது, பக்கத்துச் செல்லை இழுத்தது, அது அடுத்ததை இழுத்தது. எத்தனை அழகான படங்கள்! அவசரம் என்பதே இல்லாத வேலை. இவன் இப்படி வேலை செய்வான் என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.

கடைசிப் பக்கத்தில் மேற்கோள் பட்டியல். முதலாவதாக, அந்தக் காத்திருப்புக் கட்டுரை. திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்புக்கூட இல்லாமல்.

கொதித்துப்போனாள். ஊர் பேர் தெரியாதவன் போட்டால் பார்த்து எழுதினான் என்று விடலாம். இவன் தெரிந்தே போட்டிருக்கிறான். இன்னும் பிடிவாதம் போகவில்லை. மற்ற சரிபார்ப்பவர்கள் பார்த்துவிட்டால், ரத்தான தன் கட்டுரையையே அஸ்திவாரமாகக் காட்டுகிறான் என்று கேலிக்கூத்தாகிவிடும். இத்தனை நல்ல வேலையும் அதோடு குப்பைக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்து படபடவென்று கொட்டினாள். கணவர் நிதானமாகக் கேட்டார்: "பேரை மறைச்சுக்கிட்டு அவனைத் திட்டப் போறியா?"

"பேரை மறைச்சுக்கிட்டா? அவனையா?" என்றாள். அந்த இடத்திலேயே என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். இவர் எனக்கு மிகவும் வேண்டியவர், ஆகையால் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வேறு ஆளைப் பாருங்கள். ஆனால் ஒரு குறிப்பை மட்டும் என் பெயரோடு அவரிடம் சேர்த்துவிடுங்கள். இப்படி ஒரு கோரிக்கையை ஆசிரியர் பார்த்ததில்லை. இரண்டு கடிதம் போய்வந்த பிறகு ஒத்துக்கொண்டார். குறிப்பு இதுதான்: 'முதல் மேற்கோளாக உள்ள கட்டுரை நம்முடையது. அது தவறு. அதை எடுத்துவிடு. அது இல்லாமலே உன் வேலை நிற்கும்.' கீழே முழுப் பெயர்.

வாரக்கடைசியில் போன் அடித்தது.

"அக்கா."

அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தை மறைக்க அவள் கோபத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். "ஏன்டா அதைப் போட்ட? அறிவிருக்கா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"உலகத்துல யாராவது பேர் போட்டு எழுதுவாங்களாக்கா இதை?"

"ஒளிஞ்சிருந்து எழுத எனக்கு வராது. கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னும் வீம்பா?"

"வீம்பில்லக்கா" என்றான். "அது ரத்தாகற வரைக்கும் நான் எழுதின எல்லாத்துலயும் முதல் மேற்கோள் அதுதான். நான் எங்கேயிருந்து வந்தேன்னு சொல்ல எங்கிட்ட வேற கட்டுரை இல்ல. எடுத்துட்டுப் பாத்தேன். நீங்க இல்லாம நானே எல்லாத்தையும் கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு. மறுபடி போட்டுட்டேன். ரத்துன்னு பக்கத்துல எழுதக் கை வரல."

செல்லக்கா நாற்காலியில் சாய்ந்தாள். உலகத்தில் ஒவ்வொருவரும் பார்த்து எழுதினார்கள் என்று அவள் திட்டிய அந்த எண்ணில், புதிதாகச் சேர இருந்த ஒன்று மட்டும் பாசத்தில் வந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் அதை வைத்துக்கொள்ள முடியாது.

"வணக்கம் சொல்லணும்னா போன்ல சொல்லுடா" என்றாள். "கட்டுரைல வேண்டாம். நாளைக்கு உன் பட்டியலைப் பாத்து எவனாவது ஒரு பையன் பெயர்த்து எழுதுவான். மறுபடி அந்தச் செல்லை வாங்கி வளப்பான்."

"எடுத்துடறேன்க்கா." பிறகு தயங்கித் தயங்கி, "அது என் கையாவும் இருந்திருக்கலாம்" என்றான்.

"இருக்கலாம். அன்னிக்கு அதை ரெண்டு பேர் பேர்லயும் எழுதியிருக்கணும். உன்னைக் கேக்காம நானே எடுத்துக்கிட்டது தப்பு. மனசுல வெச்சுக்காதடா."

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பிறகு பல்செட் கதையை அவள் சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டு, முன்னறையிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார்.

சில மாதங்களில் நெட்டையன் கட்டுரை அச்சில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் வேலை செய்யும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, செல்லக்கா அதை முதல் வரியிலிருந்து படித்தாள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்துப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"அவன் எழுதினதுலயே இதுதான் நல்லது. இனிமே கண்ணைப் பத்தி எவன் எழுதினாலும் இதைத்தான் காட்டணும்."

"உன் பேர் எங்க வருது?"

"வரல. எடுத்துட்டான். நான்தானே எடுக்கச் சொன்னேன்."

"வேற எங்கயாவது இருக்கும். நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கையிலிருந்த பல்செட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.